சத்திரக்காரனின் தொண்டு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சமயமும் தொண்டும் என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். பட்டம் பெற்ற பேரறிஞர்கள் பேச வேண்டிய பொருள் இது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்துக் கணக்கெழுதிக் காலம் கழிக்கும் நம்மிடம் தத்துவ விசாரம் எதிர்பார்க்க வேண்டா. சமயங்கள் பல, அவை அனைத்தையும் எடுத்துப் பேச நேரமும் இல்லை, நமக்குத் தகுதியும் இல்லை. ஆதலால், பேரும் புகழும் இல்லாத எளிய கிறிஸ்தவ மக்கள் தம் சமயத்தைத் தொண்டாக வாழ்ந்து காட்டிய வகையை மட்டும் இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

கிறிஸ்தவ அன்பர்கள் அனைவரும் அறிந்த கதை ஒன்று உண்டு. மற்றையோரும் கேட்டிருப்பீர்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டான். அவர்கள் அவன் உடைகளை உரிந்து, குற்றுயிராக்கிப் போட்டுவிட்டு அகன்றனர். ஆசாரியன் ஒருவன் அவ்வழியே வந்தான், கண்டான், விலகிப் போனான். கோயில் ஊழியன் ஒருவன் வந்தான். அவனும் விலகிப் போனான். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர்கள் தம்மோடு சேர்த்துக்கொள்ளாத இனத்தைச் சேர்ந்தவன். அவன் மனம் இரங்கிக் காயங்களுக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். தான் ஏறிவந்த விலங்கின்மேல் அவனை ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டு சேர்த்தான்.

பெரும்பாலும் நாம் கதையை இங்கே நிறுத்திவிட்டுச் சமாரியனைப் புகழ்கிறோம். புகழத் தக்கவனே. ஆயினும் கதை இங்கே முடியவில்லை. மறுநாள் சமாரியன் தன் பயணத்தைத் தொடர வேண்டியிருந்தது. சத்திரக்காரன் கையில் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும்படியும், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தீர்த்துவிடுவதாகவும் சொல்லிப் போனான்.

அதன் பிறகு என்ன நடந்திருக்கும்? கதை சொல்லவில்லை, நாம் எண்ணிப் பார்க்கலாம். காயம் ஒரே நாளில் ஆறிவிடாது. கட்டுத் துணியைத் துவைக்க வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும். நள்ளிரவில் தண்ணீர் கேட்டால் எழுந்து கொடுக்க வேண்டும். படுக்கையை மாற்ற வேண்டும். இவ்வளவையும் செய்தவன் சத்திரக்காரன். அவனுக்குப் பெயர் இல்லை. எந்த ஓவியனும் அவனை நடுவில் நிறுத்தி வரைவதில்லை. நாம் இன்று பேச விரும்பும் மக்கள் இந்தச் சத்திரக்காரனின் வழிவந்தவர்கள்.

நம் நிலையத்துச் சாளரத்தில் வாரந்தோறும் காணும் காட்சி ஒன்றைச் சொல்கிறோம். கையில் தடித்த மருத்துவக் காகிதக் கட்டு. மார்போடு அணைத்த துணிப்பை. காட்பாடி என்று மெல்லக் கேட்கும் குரல். வங்காளத்தார், பீகாரார், ஜார்க்கண்டுப் பழங்குடியினர், வடகிழக்கு மலைநாட்டார் எனப் பல மொழியினரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லக் காட்பாடிக்குச் சீட்டு வாங்குகின்றனர். புற்றுநோயாளருக்குரிய சலுகைச் சான்றினை நீட்டுவோரும் அவர்களுள் உண்டு. தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர்கள், நம் தமிழ் மண்ணை நம்பி இரண்டு இரவுகள் வண்டியில் பயணம் செய்கிறார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது? ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் வரலாறு பலர் அறிந்தது. 1870இல் பிறந்த அவர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். அவர்களுள் பிராமணரும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். தந்தையார் மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவரைப் பெண்ணிடம் விட அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஐடா, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். முதலில் ஒரே படுக்கை. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதன் முதல் அணியாக 1922இல் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர்.

ஐடா அம்மையாரைச் சமாரியன் வரிசையில் வைக்கலாம். அவர் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சியில் சேர்ந்த பெண்களைச் சத்திரக்காரன் வரிசையில் வைக்க வேண்டும். அக்காலத்தில் பிறர் உடலைத் தொட்டுக் கழுவும் வேலையை இழிவென்று கருதினர். குலத்துக்குக் குறைவு, திருமணத்துக்குத் தடை என்று பெற்றோர் அஞ்சினர். அத்தகைய காலத்தில் வெள்ளைச் சீலை உடுத்தி வார்டுக்குள் நுழைந்தவர்களுள் பெரும்பகுதியினர் எளிய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் புறப்பட்டு, இந்தி தெரியாமல் வடநாடு வந்து, அயலார் கழிகலத்தை ஏந்தி, அவ்வருவாயில் தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். சம்பளம் வாங்கினார்களே, அது எப்படித் தொண்டாகும் என்று கேட்பவர் உண்டு. சத்திரக்காரனும் இரண்டு காசு வாங்கினான். காசுக்குரிய வேலையோடு நிறுத்தினானா, கண்ணுறங்காமல் காத்தானா என்பதே கேள்வி. மருத்துவமனையில் படுத்து எழுந்த எவருக்கும் அதன் விடை தெரியும்.

இரண்டாவதாக, தொழுநோயாளர் பணியை எண்ணிப் பாருங்கள். வெல்ஸ்லி பெய்லி என்னும் அயர்லாந்து ஆசிரியர் அம்பாலாவில் தொழுநோயாளர் குடிசைகளைக் கண்டு மனம் உருகினார். அதன் விளைவாக 1874இல் அந்நோயாளருக்கென ஓர் அமைப்புத் தோன்றியது. நாம் வாழும் இக்கிழக்கு வட்டாரத்திலேயே, புருலியாவில் 1888இல் தொழுநோயாளர் இல்லம் எழுந்தது. அன்று அந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. குணமாவார் என்ற உறுதியின்றியே நாள்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். மருந்து வரும் வரையில் காத்திராமல் தொட்டுக் கழுவிய அந்தக் கைகளை நாம் வணங்க வேண்டும்.

1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் முக்கியமான உண்மை ஒன்றை எடுத்துக்காட்டினார். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. அதனால் வலி தெரிவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் கை உணராது. காலில் ஆணி குத்தினாலும் கால் உணராது. உணராத காயமே புண்ணாகி விரல்களைக் குறைக்கிறது. ஆகவே கை கால்களை நாள்தோறும் உற்றுப் பார்த்து, நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, தக்க செருப்பு அணிந்தால் பெருங்கேட்டைத் தடுக்கலாம். மருத்துவர் அறுவையால் விரலை நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்குப் பயிற்சி கொடுத்தவரும், செருப்புத் தைத்தவரும், எண்ணெய் தடவக் கற்பித்தவரும் பெயர் பதியாத ஊழியர்கள். 1980களில் பரவிய கூட்டு மருந்துகளால் இன்று தொழுநோய் முற்றும் குணமாகக் கூடியது. இருந்தும் நம் நாட்டில் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். ஒதுக்கும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை. சத்திரத்தின் விளக்கு இன்னும் அணைக்கத் தக்கதன்று.

மூன்றாவது செய்தி தாய்மார்களுக்கு உரியது. வடகிழக்கே மிசோரம் மலைநாட்டில் கிறிஸ்தவப் பெண்களிடம் ஓர் அரிய வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுவர். ஒவ்வொரு வேளையும் இவ்வாறே. சேர்ந்த அரிசியைத் திருச்சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டுவர். அதை விற்ற பணம் இறைப்பணிக்கும் ஊழியர்களின் செலவுக்கும் பயன்படும். 1910இல் தொடங்கிய இவ்வழக்கம் நூறாண்டு கடந்தும் நின்று நிலவுகிறது. அம்மக்கள் செல்வர் அல்லர். பணமாகக் கேட்டிருந்தால் பலரால் கொடுத்திருக்க இயலாது. ஆனால் அரிசி வேகும் வீட்டில் ஒரு பிடி குறைவதால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. நம் பாட்டிமார்க்கும் பிடியரிசிக் கலயம் புதிதன்று. நாம் அதைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம்; அவர்கள் விடாமல் காத்தனர். இதுவே வேறுபாடு.

இங்கே ஓர் ஐயத்தையும் மறைக்காமல் பேசிவிடுதல் நன்று. கிறிஸ்தவர் தொண்டு செய்வது ஆள் சேர்க்கவே என்று சிலர் கூறுவர். எந்தச் சமயத்தார் செய்யினும், தூண்டிலில் கோத்த உதவி உதவியாகாது. அதனை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அக்கதையை மீண்டும் நினையுங்கள். அடிபட்டவன் எச்சமயத்தான் என்று கதை கூறவில்லை. குணமான பின் அவன் எங்கே போனான் என்றும் கூறவில்லை. காட்பாடிக்குச் சீட்டு வாங்குவோரில் எல்லாச் சமயத்தாரும் இருக்கின்றனர். நலம் பெற்றோர் தத்தம் சமயத்தோடே ஊர் திரும்புகின்றனர். நம் காலனியிலேயே, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் மருத்துவமனை வார்டுக்குச் சென்று, துணையற்ற நோயாளிப் பெண்களுக்குத் தலைவாரிப் பின்னிவிடும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவர் யாரிடமும் சமயம் கேட்டதில்லை. சீப்பும் எண்ணெய்ப் புட்டியுமே அவர் கொண்டு செல்வன.

அன்பர்களே! இனி நம்மைப் பற்றிய பேச்சு. நாம் பிழைப்பைத் தேடி வந்த மக்கள். சொந்த ஊரில் ஒருவர் படுத்தால் அத்தையும் மாமனும் சித்தியும் பெரியப்பாவும் ஓடி வருவர். இங்கே எவர் வருவார்? வண்டியேறி அவர்கள் வந்து சேரும் முன் இரண்டு இரவுகள் கழிந்துவிடும். அந்த இரண்டு இரவுகளில் நோயாளியின் அருகே யார் உட்காருவது? அவர் பிள்ளைகளுக்கு யார் சோறிடுவது? அடுத்த வரிசைக் குடியிருப்பில் யார் படுத்திருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாமற் போகும் நாள்கள் உண்டு. ஒப்பந்த வேலைக்கு வந்து, படிவம் நிரப்பவும் மொழி தெரியாமல் மருத்துவமனை வாசலில் நிற்கும் நம் தமிழ்த் தொழிலாளர் நிலை இன்னும் கடினம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நடத்தட்டும். ஆனால் ஒரு தமிழன் துணையின்றிப் படுத்திருக்கையில் விழா நடத்தும் சங்கம், விலகிப் போன அந்த ஆசாரியனுக்கு எவ்வகையில் மேல்?

இருப்புப்பாதையில் கீமேன் என்னும் தொழிலாளி நாள்தோறும் தன் பகுதியை நடந்து பார்க்கிறார். தளர்ந்த சாவியைச் சுத்தியலால் இறுக்குகிறார். வண்டியில் போவோர் அவரை அறியார். ஒரு நாள் அவர் நடக்காவிடில் என்னவாகும் என்று இத்துறையில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. தொண்டும் அத்தகையதே, முறை வைத்து நாள்தோறும் நடக்க வேண்டியது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின்முன் வைக்கிறோம். முதலாவது, இரவுத் துணைப் பட்டியல். வேலைமுறைப் பட்டியல் போடத் தெரியாதவர் நம்முள் எவரும் இலர். மாதத்தில் ஓரிரவு என்று ஒவ்வொருவரும் பெயர் கொடுத்தால், மருத்துவமனையில் எந்தத் தமிழனும் தனித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மொழித் துணை. இந்தியும் வங்காளியும் அறிந்த இளைஞர் இருவர் வாரத்தில் ஒரு மாலை நூலகத்தில் அமர்ந்து படிவம் நிரப்பித் தரட்டும். மூன்றாவது, வீட்டுக்கு ஒரு பிடியரிசிக் கலயம். மாத முதல் ஞாயிறன்று மகளிர் அணியினர் திரட்டி, நோயால் வருவாய் நின்ற குடும்பத்துக்கு அளிக்கட்டும். அக்குடும்பம் தமிழ்க் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்ய வேண்டா. நமக்கு இடந்தந்த மண்ணின் மக்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இவற்றிற்கு அரசாணை வேண்டியதில்லை. நன்கொடைப் புத்தகம் அச்சிட வேண்டியதில்லை. செயலாளர் அவர்கள் மேடைக்கு அருகே ஒரு குறிப்பேட்டை வைக்க இசைந்துள்ளார்கள். விழா முடிந்து செல்லுமுன், மாதத்தில் எந்த இரவு தம்மால் இயலும் என்று ஒவ்வொருவரும் அதில் குறித்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.