விசுவாசம் யாருக்கு?

(நாவலும் சினிமாவும் பற்றிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'நாவல் சினிமாவாகும்போது மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமா?' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்லிட்டாங்க. நான் விமர்சகன் இல்லை. படம் பார்க்கிறவன், புத்தகம் படிக்கிறவன், அவ்வளவுதான். ஆனா இந்த 'விசுவாசம்'ங்கிற வார்த்தை என்னைக் கொஞ்சம் உறுத்துச்சு. நம்ம ஜனங்க இந்த வார்த்தையைப் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. பண்ணையார் வீட்டு வாசல்ல நின்னு கேட்டுத் தெரிஞ்சுகிட்டாங்க. 'விசுவாசமா இருந்த பய, இப்ப கூலியைக் கூட்டிக் கேக்குறான்' அப்படின்னு. அதனால யாராவது விசுவாசம்னு சொன்னா, 'யாருக்கு?'ன்னு திருப்பிக் கேட்கிறது நமக்குப் பழக்கமாயிடுச்சு. இங்கேயும் அதைத்தான் கேட்கப் போறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். இந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-ல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977-ல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. 1983-ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படமாகவும் வந்தது. சரி, அந்த நாவலில் பண்ணையாரின் கொடூரத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? அவருடைய ஆண்மைக் குறைபாட்டில். நிலமும் சாதியும் கூலியும் சேர்ந்து செய்த கொலை, ஒரு தனி ஆளின் மனக்கோளாறாகச் சுருங்கிப் போனது.

இப்ப சொல்லுங்க. இந்த மூலத்தை எழுத்துப் பிசகாம ஒருத்தர் படமெடுத்தா, நாவலாசிரியருக்கு அவர் விசுவாசமானவர்தான். செத்துப்போன 44 பேருக்கு? மூலம்னு எதைச் சொல்றோம், அச்சடிச்ச காகிதத்தையா, அந்தச் சாம்பலையா?

அடுத்தது, எங்க வீட்டுக் கதையும் கலந்தது. பி.எச். டேனியல் என்பவர் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர். தொழிலாளர்களிடம் கேட்டறிந்ததை வைத்து ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை எழுதினார். 1969-ல் வந்தது. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து முன்பணத்துக்கு மயங்கி மலையேறும் கருப்பன், வள்ளியின் கதை அது. கங்காணிகளை அங்கே மேஸ்திரி என்பார்கள். அவர்களின் ஏமாற்று, தீராத கடன், அட்டைக்கடி, கொள்ளை நோய் எல்லாம் அதில் இருக்கிறது. அந்த மக்களுக்காகக் கம்பெனியோடு மோதுகிற ஆபிரகாம் என்ற டாக்டரும் இருக்கிறார்.

எங்க அம்மாச்சியும் அப்படி மலையேறினவதான். அம்மா லைன் வீட்டில் பிறந்தது. அம்மாச்சி ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுமாம். விஷக்காய்ச்சல்ல கிடந்தப்ப தோட்டத்து டாக்டர் வந்து கையைப் பிடிச்சு நாடி பார்த்தாராம். 'தொட்டுப் பாத்தாருடி'ன்னு சொல்லுமாம். ஊர்ல அதுவரைக்கும் எந்த வைத்தியனும் அதைத் தொட்டதில்லை. எட்ட நின்னே மருந்தைப் போட்டுட்டுப் போவாங்க.

2013-ல் இந்த நாவலை அடியொற்றி பாலா 'பரதேசி' எடுத்தார். டி.வி.யில் வந்தபோது அம்மாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். குறை மட்டும் சொல்ல வரல. கங்காணியின் கொடுமையை அந்தப் படம் மறைக்கல. கடைசியில் பெண்டாட்டியும் பிள்ளையும் அதே நரகத்துக்குள்ள வந்து நிக்கிறதைப் பார்த்து ராசா கதறும்போது அம்மா அழுதுருச்சு. ஆனா அதுக்கு முன்னாடி, டாக்டர் பரிசுத்தம்னு ஒருத்தர் வர்றார். ஜனங்க கொத்துக்கொத்தா செத்துக்கிட்டு இருக்கும்போது மதம் மாத்துறார், வெள்ளைக்காரப் பெண்டாட்டியோட சேர்ந்து குத்தாட்டம் போடுறார். அம்மா கேட்டுச்சு: 'இந்தாளு ஏன்யா இப்படி ஆடுறாரு? எங்கம்மாவைத் தொட்டுப் பாத்தவரா இவரு?'

எனக்குப் பதில் சொல்லத் தெரியல. தோழர்களே, மதமாற்றத்தை விமர்சிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சர்ச்சுக்குள்ள சாதி இருக்கு, கல்லறையில கூடச் சுவர் இருக்கு, அதை நாமளேதான் பேசிக்கிட்டிருக்கோம். ஆனா நம்ம பக்கம் நின்ன ஒரு டாக்டரைக் கோமாளியாக்கி, நம்ம சனம் ரொட்டிக்கு மதம் மாறுச்சுன்னு காட்டுறது யாருக்கு வசதி? சம்பவத்தை மாத்தியிருக்கலாம், வருஷத்தை மாத்தியிருக்கலாம். அதுல எனக்குக் கோபம் இல்லை. எங்க அம்மாச்சியைத் தொட்ட கையைக் கேலியாக்கினதுதான் துரோகம்.

மூன்றாவது, பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. வெற்றிமாறன் 2019-ல் அதை 'அசுரன்' ஆக்கினார். காகிதக் கணக்குப் பார்த்தால் இதுதான் பெரிய மீறல். பஞ்சமி நிலப் போராட்டம், செருப்புப் போட்ட பெண்ணின் தலையில் அதே செருப்பைச் சுமக்க வைக்கிறது, குடிசையோடு எரிக்கிறது, இது எதுவும் நாவலில் கிடையாது. ஆனா செருப்பை நாம தலையில சுமந்தது நிஜம். 1892-ல் வெள்ளைக்காரன் ஆட்சியில நமக்குன்னு ஒதுக்கின பஞ்சமி நிலம் கைமாறிப் போனது நிஜம். அந்தக் குடிசை எரியும்போது தியேட்டர்ல வெண்மணி ஞாபகம் வராத ஆள் நம்மில் யார்? நாவலுக்கு வெளியே போய் நம்ம வரலாற்றை எடுத்துட்டு வந்த படம் அது.

ஆனாலும் முழுசாக் கைதட்ட என்னால முடியல. 'வெக்கை'யில் அண்ணனைக் கொன்றவனை வெட்டியது பதினைந்து வயசுப் பையன். அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும்போது சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். அந்தப் பையன் மேல் குடும்பமே வைத்திருக்கும் வாஞ்சைதான் நாவல். படத்தில் அந்த இடம் ஹீரோ கைக்குப் போய்விட்டது. நூறு பேரை அடிக்கிற அப்பனைப் பார்த்து விசில் அடிக்கிறோம். நடுங்கிக்கொண்டு அரிவாள் பிடித்த சின்னக் கை பின்னால் போய்விட்டது. அதுவும் நம்ம பிள்ளையோட கைதானே? இன்னொன்று, சாதியின் பெயரை நாவலும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. பார்க்கிற நாமதான் சொல்லிக்கொள்கிறோம்.

அதனால நான் வேற அளவுகோல் வச்சிருக்கேன். நாவலை வெட்டுங்க, ஒட்டுங்க, முடிவைக்கூட மாத்துங்க. ஆனா அந்தக் கதை யார் முதுகிலிருந்து எடுத்ததோ அந்த ஆள் முன்னாடி உட்கார்ந்து படத்தைப் போட்டுக் காட்ட முடியணும். 'இது நாங்கதான்'னு அவங்க சொல்லணும். எழுதினவருக்கும் இதே அளவுகோல்தான்.

படம் பார்த்த அப்புறம் 'எரியும் பனிக்காடு' வாங்கி ராத்திரியில அம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுக் காட்டினேன். எழுத்து தெரியாதது. பாதியில தூங்கிடும்னு நினைச்சேன், தூங்கல. டாக்டர் ஆபிரகாம் வர்ற பக்கங்களை வாசிச்சு நிறுத்தினதும் சொல்லுச்சு:

'இன்னொருக்க வாசி.'