உள் இதழ் ஆபரேஷன்: உணர்ச்சியைக் காப்பது எப்படி?

(தளவாய்புரத்தில் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



இன்று பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனால் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டால், நஷ்டம் நமக்குத்தான். ஆகவே கணவனும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தே கேளுங்கள்.

முதலில் உறுப்பைத் தெரிந்துகொள்வோம். பெண்ணின் பிறப்புறுப்பு வாசலில் இரண்டு ஜோடி இதழ்கள் உண்டு. சதைப்பற்றாக, முடி முளைத்திருப்பவை வெளி இதழ்கள். அவற்றுக்குள்ளே மெல்லிய மடிப்பாக, முடி இல்லாமல் இருப்பவை உள் இதழ்கள். உள் இதழ்கள் இரண்டும் மேலே சேரும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். டாக்டர்கள் அதைக் கிளிட்டோரிஸ் என்பார்கள். உள் இதழின் மேல்பகுதித் தோல் அந்த மொட்டுக்கு முக்காடு போட்டது போல மூடியிருக்கும்.

பெண்ணுக்குத் தாம்பத்திய சுகம் பெரும்பாலும் அந்த மொட்டிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து டாக்டர்கள் அதற்குப் போகும் நரம்பு இழைகளை எண்ணிப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். 10,000-க்கும் மேல்! உள் இதழ்களும் சும்மா தொங்கும் தோல் அல்ல. அவற்றிலும் நெடுக நரம்பு ஓடுகிறது. ஆசை வரும்போது இரத்தம் பாய்ந்து கொஞ்சம் புடைக்கும். வாசலைக் காய்ந்துபோகாமல் காப்பதும் அவைதான்.

“எனக்கு மட்டும் இப்படி நீளமாக இருக்கே, இது நோயா?” என்று தாய்மார்கள் தனியே கேட்பதுண்டு. நோய் இல்லை, அம்மா. லண்டனில் 50 பெண்களை அளந்து 2005-ல் எழுதினார்கள். ஒருவருக்கு உள் இதழின் அகலம் 7 மில்லிமீட்டர், இன்னொருவருக்கு 50 மில்லிமீட்டர். இரண்டும் சாதாரணம்தான். ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு என்பதும் சாதாரணம். கருப்பாக, சுருக்கமாக இருப்பதும் அப்படியே. கெட்ட பழக்கத்தால் இப்படி ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணவன்மார்களே, செல்போனில் பார்த்த படத்தோடு வீட்டுக்காரியை ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கத்திக்குப் போகிற பெண்கள் உண்டு.

அப்படியானால் ஆபரேஷன் யாருக்கு? சிலருக்கு உண்மையான தொந்தரவு இருக்கும். நம் தளவாய்புரம் நைட்டி தைக்கும் ஊர். காலையிலிருந்து இரவு வரை மிஷினில் உட்கார்ந்தே வேலை. உட்கார்ந்த இடத்தில் உராய்ந்து உராய்ந்து புண்ணாகும். சைக்கிள் மிதித்தால் எரியும். கூடும்போது இதழ் உள்ளே இழுபட்டு வலிக்கும். சிலருக்குப் பிரசவத்தில் இதழ் கிழிந்து, சேராமல் இரண்டாக ஆறியிருக்கும்.

இவர்களும் முதலில் எளிய வைத்தியத்தைப் பார்க்க வேண்டும். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை போடுங்கள். அந்த இடத்தில் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். வெறும் தண்ணீர் போதும். உராயும் இடத்தில் வாசலின் தடவுங்கள். வெள்ளைப்பாடும் அரிப்பும் இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அடிக்கடி வந்தால் சர்க்கரையும் பரிசோதியுங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராதவர்களுக்குத்தான் ஆபரேஷன்.

இப்போது முக்கியமான பேச்சுக்கு வருகிறேன். இதழைச் சிறிதாக்க ஒரே வழி அல்ல, பல வழிகள் உண்டு. எந்த வழி என்பதைப் பொறுத்துத்தான் தழும்பு எங்கே விழும், எந்த நரம்பு அறுபடும் என்பது அமையும். தையல் தெரிந்த உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

முதலாவது, ஓரம் வெட்டும் முறை. 1984-ல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை நெடுக வெட்டி ஓரம் அடிப்பது. செய்வது எளிது. ஆனால் இயற்கையான விளிம்பு போய்விடும். அந்த இடம் முழுக்கத் தழும்பு ஓடும். சிலருக்குத் தழும்பு உறுத்தும், அல்லது மரத்துப்போகும். கொஞ்சம் கூடுதலாக வெட்டிவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம்.

இரண்டாவது, முக்கோணம் எடுக்கும் முறை. 1998-ல் வந்தது. நடுவில் ஒரு முக்கோணத் துண்டை எடுத்து, இரு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பது. விளிம்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். தழும்பு குறுக்கே ஒரு கோடாக விழும். ஆனால் தையல் இழுபட்டுப் பிரிந்து ஓட்டை விழ இடமுண்டு. புகையிலைப் பழக்கம் இருந்தால் அந்த ஆபத்து கூடும்.

மூன்றாவது, மேல்தோலை மட்டும் உரிக்கும் முறை. 2000-ல் கொரிய டாக்டர்கள் எழுதினார்கள். இதழின் நடுவே, இரண்டு பக்கமும் மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளேயிருக்கும் சதை, இரத்தக்குழாய், நரம்பு எதையும் தொடாமல் மடித்துத் தைப்பது. டக் பிடித்தது போல. நரம்பைக் காப்பதற்காகவே யோசித்த முறை இது. ரொம்பப் பெரிய இதழுக்கு இது போதாது. கொஞ்சம் தடித்துத் தெரியவும் கூடும்.

“இதில் எது நல்லது, சார்?” என்று கேட்பீர்கள். எந்த முறை உணர்ச்சியை அதிகம் காக்கும் என்று திட்டவட்டமாக நிரூபித்த பெரிய ஆராய்ச்சி இன்றுவரை இல்லை. நரம்பே இல்லாத இடம் என்று உள் இதழில் கிடையாது. ஆகவே முறையின் பெயரைவிட, இந்த நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

மொட்டையும் அதன் முக்காட்டையும் தேவையில்லாமல் தொடக்கூடாது. மொட்டின் முக்கிய நரம்புகள் அதன் தண்டின் மேல்புறமாக, இரு பக்கத்திலும் வருகின்றன. முக்காட்டுத் தோலைச் சேர்த்துச் சிறிதாக்குவது தனி வேலை. “அதையும் சேர்த்துச் செய்துவிடலாம்” என்றால், எதற்காக என்று கேளுங்கள்.

குறைவாக வெட்ட வேண்டும். 1 சென்டிமீட்டர் அகலமாவது மிச்சம் விடுவது நிபுணர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு.

அளவுக்கோடு மரப்பு ஊசிக்கு முன்னால் போட வேண்டும். ஊசி போட்டதும் இதழ் உப்பிவிடும், அளவு தப்பும். இழுத்துப் பிடித்து வெட்டினாலும் அப்படியே. துணியை இழுத்து வெட்டினால் உருப்படி குட்டையாகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

லேசர் என்ற பேச்சில் மயங்கக் கூடாது. லேசரும் வெட்டுகிற கருவிதான். எங்கே வெட்டுகிறார், எவ்வளவு வெட்டுகிறார் என்பதுதான் கணக்கு.

டாக்டரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. ஆபரேஷன் செய்யாமல் குணப்படுத்த முடியுமா?
2. எந்த முறை, எனக்கு ஏன் அந்த முறை?
3. தழும்பு எங்கே விழும்? படம் போட்டுக் காட்டுங்கள்.
4. மொட்டுப் பக்கம் கை வைப்பீர்களா?
5. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? உணர்ச்சி குறைந்தவர் உண்டா?
6. தையல் பிரிந்தால், மரத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

பதில் சொல்ல நேரமில்லாதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, அவர் மூலமாகப் போவது நல்லது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் மிஷினில் உட்காரக்கூடாது. 6 வாரம் தாம்பத்தியம் கூடாது, சைக்கிளும் வேண்டாம். கணவன்மார்கள் இந்த 6 வாரம் பொறுக்க வேண்டும். வீக்கம் சட்டென்று கூடினாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலும் நாற்றமும் வந்தாலோ இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முதலில் சில வாரம் மரத்தது போலிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உணர்ச்சி திரும்பும். மாதக்கணக்கில் திரும்பாவிட்டால், அல்லது தொட்டாலே சுரீர் என்று வலித்தால், மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதுக்கு வரும் பருவத்தில் இதழ் வளர்வது இயற்கை. 18 வயது ஆகாத பெண்ணுக்கு அழகுக்காக இந்த ஆபரேஷன் கூடவே கூடாது. சில குழந்தைகள் ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாத உறுப்போடு பிறக்கும். முன்பெல்லாம், பெரிதாக இருக்கிறதென்று அந்த மொட்டைச் சின்ன வயதிலேயே வெட்டிவிடுவார்கள். உணர்ச்சி போனது அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகுதான் தெரியும். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-ல் அளித்த தீர்ப்பில், பெற்றவர்கள் கொடுக்கும் சம்மதம் அந்தக் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்தகைய ஆபரேஷனைத் தடை செய்து ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ அப்படிப் பிள்ளை பிறந்தால், அவசரப்பட்டுக் கத்தியைத் தேடாதீர்கள். பிள்ளை வளர்ந்து, தானே முடிவு சொல்லட்டும்.

கடைசியாக, அடிக்கடி வரும் சந்தேகம்: கு.க. ஆபரேஷன் செய்தால் சுகம் குறையுமா? குறையாது. பெண்ணுக்கு வயிற்றுக்குள் கருக்குழாயையும், ஆணுக்கு விந்துக்குழாயையும் மட்டுமே அடைக்கிறார்கள். நான் சொன்ன நரம்புகள் பக்கமே போவதில்லை.

ஆகவே தம்பதியர்களே, தொந்தரவு இல்லையென்றால் இருப்பது இருந்தபடியே நல்லது. தொந்தரவு இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள், யோசியுங்கள், பிறகு முடிவெடுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தனியே கேளுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.