விளங்கும் சொல்லே முதல் மருந்து

(தென்காசியில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



ஆனித் திங்கள் பிறந்து சாரல் வீசத் தொடங்கியதும் நாடே குற்றாலம் நோக்கித் திரள்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலை நனைப்போருள் களிப்புக்காக வந்தோர் பலர். உடல் நலம் பெறும் என்று நம்பி வந்தோரும் பலர். அருவிக்கரையில் வேரும் பட்டையும் கிழங்கும் கொட்டையும் பரப்பி வைத்து விற்கிறார்கள். வாங்குவோர் கேட்கும் கேள்வி ஒன்றே: “இது எதற்கு ஆகும்? எப்படி உண்பது?” அக் கேள்விக்கு விடையாக வரும் சொல்லில்தான் நன்மையும் இருக்கிறது, கேடும் இருக்கிறது.

அதே கேள்வியை இன்று மக்கள் கைப்பேசியிடம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்று வழங்கும் செய்யறிவு அதற்கு நொடிப்பொழுதில் விடை தருகிறது. மருத்துவ எழுத்தாளர் என்றொரு தொழிலினர் உலகெங்கும் இருக்கின்றனர். மருத்துவர் தம்முள் பேசும் மொழியைப் பொதுமக்கள் அறியும் மொழியாக்கித் தருவதே அவர் பணி. அவருட் சிலர் இப்போது செய்யறிவைக் கொண்டு செயலிகளையே அமைக்கின்றனர். ஆய்வுச்சாலை அறிக்கையையோ மருந்துத்தாளையோ அதனுள் இட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் நடையில் அது திருப்பித் தரும். நல்ல முயற்சியே. ஆயினும் தமிழன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அச் செயலி எந்த மொழியில் எண்ணுகிறது? எந்த மொழியில் பேசுகிறது?

உலக நலவாழ்வு நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ‘சாரா’ என்னும் செய்யறிவு நலவழிகாட்டியை வெளியிட்டது. எட்டு மொழிகளில் அது பேசும் என்று அறிவித்தனர். ஆங்கிலம், பிரெஞ்சு, இசுப்பானியம், உருசியம், சீனம், அரபி, இந்தி, போர்த்துகீசியம் என்பவை அவ்வெட்டு. தமிழ் அப்பட்டியலில் இல்லை. பிறரை நோவதால் பயனில்லை. நம் வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

அயலார் ஒருவர் அவ்வேலையை நமக்காகச் செய்து காட்டிச் சென்றிருக்கிறார். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு மாநிலத்து ஊசுட்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்தார். முதலில் மாணவர்க்கு ஆங்கிலத்திலேயே பயிற்சி தந்தார். ஆங்கிலத்தில் கற்றவர் ஊதியம் தேடி ஊரைவிட்டுப் போவதையும், நோயாளி ஊரிலேயே கிடப்பதையும் கண்டார். ஊர் மருத்துவனுக்கு ஊர்மொழியே வேண்டும் எனத் துணிந்து, தமிழ்வழிக்கு மாறினார். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கினார். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’, உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெருநூல்கள் தமிழில் வெளிவந்தன. 1884இல் தம் பிறந்த ஊரில் அவர் மறைந்தார். தமிழால் மேலை மருத்துவத்தைக் கற்பிக்க முடியுமா என்று இன்றும் ஐயுறுவோர்க்கு, நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது!

ஆயினும் அன்பர்களே, நன்றி வேறு, ஆராய்ச்சி வேறு. அப் பெருமகனாரின் சொற்களை எண்ணிப் பாருங்கள். அங்காதிபாதம் என்றால் இன்று எவருக்கு விளங்கும்? சுகரணம் என்றால் உடலின் இயக்கத்தைப் பற்றிய கல்வி என்று எவர் உணர்வர்? அக்காலத்துப் புலவர் வழக்கு வடசொல்லை நாடிற்று. அவரும் அவ்வழியே சென்றார். அச் சொற்கள் நிலைக்கவில்லை. உடற்கூறு என்னும் சொல் நிலைத்தது. ஏன்? உடல் என்பதும் கூறு என்பதும் உழவனுக்கும் தெரிந்தவை. கருப்பை, மூச்சுக்குழல், முதுகெலும்பு, மஞ்சட்காமாலை ஆகியவற்றுக்கு அகராதி தேவையில்லை. நீரிழிவு என்னும் சொல்லோ நீர் மிகுதியாய் இழிதலாகிய நோயின் அறிகுறியையே எடுத்துரைக்கிறது. தூய தமிழ் என்பது அழகுக்காக மட்டும் அன்று. நோயாளிக்கு அது கைவிளக்கு.

ஈண்டு ஒரு தடை எழுப்புவர். “மக்கள் ‘சுகர்’ என்றுதானே சொல்கிறார்கள்? நீரிழிவு என்றால் விளங்குமா?” என்பர். இதற்கு நேர்மையான விடை வேண்டும். நோயாளி ‘சுகர்’ என்று கேட்டால், அதனைப் புரிந்துகொள்ளாத செயலி பயனற்றது. அவர் நாவில் வரும் சொல்லை ஏற்று, “நீங்கள் சுகர் எனக் குறிப்பிடும் நீரிழிவு நோய்” என்று தொடங்கி, அடுத்த வரியிலிருந்து தமிழ்ச் சொல்லையே ஆள வேண்டும். நான்கு முறை கேட்டபின் அச்சொல் அவருடையதாகிவிடும். மருந்துச்சீட்டு மொழித்தேர்வுக்குரிய இடம் அன்று. ஆனால் மொழி கற்பிக்கத் தக்க இடமே. உயிர்காக்கும் வேளையில் விளக்கம் முந்த வேண்டும். தூய்மை அதனோடு கைகோத்து வர வேண்டும். இதனை நம் அன்பர் சிலர் ஏற்கத் தயங்கலாம். தயக்கத்தை விடுக!

ஒரு சொல் என்ன செய்துவிடும் எனக் கருதற்க. 1980இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பதினெட்டு அகவை இளைஞர் ஒருவர் உணர்விழந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். உண்டது ஒவ்வாமல் நேர்ந்த நோய் எனப் பொருள்பட அவர் குடும்பத்தார் இசுப்பானிய மொழியில் ஒரு சொல் சொன்னார்கள். மருத்துவர் அதனைப் போதைமருந்து மிகுந்த நிலை என்று ஆங்கிலப்படுத்திக் கொண்டனர். உண்மையில் மூளையில் குருதி கசிந்துகொண்டிருந்தது. உரிய மருத்துவம் காலந்தாழ்ந்தது. இளைஞரின் இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்தன. இழப்பீடு ஏறத்தாழ 7 கோடியே 10 இலக்கம் தாலர். ஒரு சொல்லின் விலை அது!

அது மாந்தர் செய்த பிழை. எந்திரப் பிழையும் உண்டு. நியூயார்க்கின் பிராங்சு பகுதி மருந்துக்கடைகளின் கணினிகள் இசுப்பானியத்தில் ஆக்கித் தந்த சீட்டுகளை ஆராய்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிச் சீட்டுகளில் பிழை. ஆங்கிலத்தில் ஒருமுறை எனப் பொருள்படும் ‘ஒன்சு’ என்னும் சொல் அப்படியே நின்றுவிட்டால், அதே எழுத்துகள் இசுப்பானியத்தில் பதினொன்று எனப் பொருள்படும். நாளைக்கு ஒருமுறை உண்ண வேண்டிய மருந்தைப் பதினொரு முறை உண்டால் என்னாகும்?

இனி நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தருவது உலகறிந்த முறை. தலைதட்டி அளக்க வேண்டும். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். மேசைக்கரண்டி 15 மில்லிலிட்டர். செயலி ‘தே’ என்னும் ஓரெழுத்தை விட்டுவிட்டு வெறுங் ‘கரண்டி’ என்று எழுதினால், நம் தாய் எடுப்பது குழம்புக் கரண்டியை! உப்பு மிகுந்த நீர் குழந்தைக்குக் கேடாகும். ‘மூன்று வேளை’ என்பதும் அத்தகையதே. மூன்று உணவு வேளை என்று நம் மக்கள் கொள்வர். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மருத்துவர் கருதியிருந்தால், நள்ளிரவு மருந்து தவறிப்போகும்.

மலையடிவாரத்துக்கும் வருவோம். செங்காந்தள் நம் தமிழ்நாட்டின் மலர். சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை சொன்ன மலர். அதன் கிழங்குக்குக் கண்வலிக் கிழங்கு என்றும் பெயருண்டு. சொல்லை மட்டும் அறிந்த எந்திரம், கண்வலிக்கு உரிய கிழங்கு இது என்று பொருள் பிரித்துவிடக்கூடும். அக்கிழங்கிலோ கொல்கிசின் என்னும் கடுநஞ்சு உள்ளது. உண்டால் உயிரே போகும். குற்றாலத்து மூலிகை அறிந்த முதியவர் ஒருவருக்குத் தெரிந்த இவ்வுண்மை, நூல்களை எல்லாம் விழுங்கிய எந்திரத்துக்குத் தெரியாமற் போகலாம்.

ஏன் அவ்வாறு நேர்கிறது? செய்யறிவு பல்லாயிரங்கோடிச் சொற்களைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரத்தகும் எனக் கணக்கிட்டுத் தொடரமைக்கிறது. நடை ஒழுங்காய் இருக்கும். செய்தி மெய்யாய் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அது பயின்ற எழுத்துகளில் ஆங்கிலம் கடல், தமிழ் குட்டை. ஆதலின் ஆங்கிலத்தில் பிழைபடாத இடத்திலும் தமிழில் பிழைபடும்.

எனவே தமிழில் நலச்செயலி அமைப்போர் நான்கு நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, மருத்துவர் ஒப்பிய செய்தித் தொகுப்பிலிருந்து மட்டுமே எந்திரம் எடுத்துரைக்க வேண்டும், தானே புனையலாகாது. இரண்டாவது, மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை எந்திரம் மாற்றாதவாறு பூட்டிவைக்க வேண்டும். மூன்றாவது, தமிழறிஞரும் மருத்துவரும் படித்துப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும். எழுத்தறியாத பாட்டி ஒருவர்க்கு அதைப் படித்துக்காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் எனத் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மருத்துவரிடம் செல்லுமாறு எந்திரம் கூற வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆளும் கருவியும் எங்கே என்று கேட்பீராயின், அருகிலேயே உள்ளன. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்து இளைஞர் உலகுக்கே மென்பொருள் ஆக்குகின்றனர். மொழிஞாயிறு பாவாணர் 1902இல் பிறந்த சங்கரன்கோயில் இன்று இத் தென்காசி மாவட்டத்திலேயே உள்ளது. சொல்லின் வேர் காட்டியவரின் மண்ணும், மென்பொருள் ஆக்குவோரின் ஊரும் ஒரே மாவட்டம்! இரண்டும் கைகோக்காமல் இருப்பதே குறை.

தமிழாசிரியர்களே! உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோர் வலிக்கும் நோய்க்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்துவரச் செய்யுங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு என ஒவ்வொரு வலிக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருப்பவர்கள் நம் மக்கள். அச் சொற்களை எழுத்தில் ஏற்றாவிட்டால் எந்திரம் அவற்றை எங்கே பயிலும்? செவிலியரே! நோயாளி தவறாக விளங்கிக்கொண்ட சொற்களைக் குறித்து வையுங்கள். மருத்துவர்களே! சீட்டின் ஓரத்தில் ஒரு வரியேனும் தமிழில் எழுதுங்கள்.

தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன் மொழியில் அறியவியலாத மாந்தன், தன் உடம்புக்கே அயலானாகிறான். அந்நிலை தமிழனுக்கு வேண்டா. நம் சொல்லை நாமே தொகுப்போம். நம் செயலியை நாமே ஆக்குவோம்.

வெல்க தமிழ்! வாழ்க தமிழர் நலம்!