விளக்குமாறு பிடித்த கை



விடிந்ததும் பெண்கள் செய்யும் முதல் வேலை என்ன? வாசல் பெருக்குகிறார்கள். தண்ணீர் தெளிக்கிறார்கள். கோலம் போடுகிறார்கள். பிறகுதான் அடுப்பு, பாத்திரம், வயல் வேலை எல்லாம்.

கோலம் போட யாராவது கூலி கொடுக்கிறார்களா? இல்லை. மத்தியானத்துக்குள் பாதிக் கோலம் அழிந்துவிடும். அது தெரிந்தும் தினமும் போடுகிறார்கள். ஏன்? போட்டு முடித்து நிமிர்ந்து பார்க்கும்போது மனசு நிறைகிறது. அந்த நிறைவைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

வடக்கே பீகார் மாநிலம் இருக்கிறது. அங்கே மதுபனி என்று ஒரு மாவட்டம். அந்தப் பகுதிக்கு மிதிலை என்றும் பெயர். சீதை பிறந்த ஊர் என்று சொல்வார்களே, அதே மிதிலைதான்.

அங்கும் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் கோலம் போடுகிறார்கள். அதற்கு அரிபன் என்று பெயர். கல்யாணம் வந்தால் வீட்டுச் சுவரில் படம் வரைவார்கள். தாமரை, மூங்கில், மீன், கிளி எல்லாம் அதில் இருக்கும்.

வண்ணத்தைக் கடையில் வாங்கவில்லை. விளக்குக் கரி கறுப்பு ஆனது. மஞ்சள் கிழங்கு மஞ்சள் நிறம் தந்தது. அரிசி மாவு வெள்ளை ஆனது. இலைச் சாறு பச்சை தந்தது. மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றினார்கள். அதுதான் தூரிகை.

அம்மா வரைவாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே கை பழகிவிடும்.

இந்தப் படங்கள் வெகுகாலம் வீட்டுக்குள்ளேயே இருந்தன. 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. வீடுகள் இடிந்தன. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி சேதத்தைப் பார்க்கப் போனார். இடிந்த சுவர்களின் உள்பக்கத்தில் அழகான படங்களைப் பார்த்து வியந்தார். பிறகு அவற்றைப் பற்றி எழுதினார்.

1966, 1967 ஆண்டுகளில் பீகாரில் கடும் வறட்சி. வயலில் வேலை இல்லை. வீட்டில் சோறு இல்லை. அப்போது அரசின் கைவினை வாரியம் அந்தப் பெண்களுக்குக் காகிதம் கொடுத்தது. "சுவரில் வரைவதைக் காகிதத்தில் வரையுங்கள்" என்றது. வரைந்தார்கள். படங்கள் விலை போயின. தினமும் பழகிய கை, பஞ்ச காலத்தில் குடும்பத்துக்கு உதவியது. அந்தப் பெண்களில் ஒருவர் ஜகதம்பா தேவி. அவருக்கு 1975-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயம். அந்தக் காலத்தில் இந்தப் படங்களால் பேர் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் பிராமணர், காயஸ்தர் வீட்டுப் பெண்கள். அந்த வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண்களின் கையில் காகிதம் இல்லை. அப்படி ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

மதுபனி மாவட்டத்தில் ராண்டி என்று ஒரு கிராமம். அங்கே மல்லா சாதியில் பிறந்தவர் துலாரி தேவி. மீன் பிடிப்பதும் படகு ஓட்டுவதும் அவர்கள் தொழில். துலாரி பள்ளிக்கூடம் போகவில்லை. சிறுவயதிலேயே வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார். சுமார் 12 வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒரு குழந்தை பிறந்தது. ஆறு மாதத்தில் இறந்துபோனது. துக்கத்தோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார்.

வயிற்றுப் பாட்டுக்காக வீட்டு வேலைக்குப் போனார். அந்த வீட்டில் மகாசுந்தரி தேவி இருந்தார். அவர் பேர் பெற்ற ஓவியர். துலாரி தரை பெருக்குவார். பாத்திரம் தேய்ப்பார். வேலைக்கு நடுவே, அங்கே வரைவதைக் கண் எடுக்காமல் பார்ப்பார்.

பார்த்தால் போதுமா? கை துறுதுறு என்றது. ஆனால் காகிதம் வாங்கக் காசு இல்லை. துலாரி என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டு முற்றத்தை மண் பூசி மெழுகினார். ஒரு குச்சியை எடுத்தார். ஈர மண்ணில் வரைந்தார். அழித்தார். மறுபடியும் வரைந்தார். அவர் சிலேட்டு அந்த முற்றம்தான்.

அவர் ஆசை கர்பூரி தேவிக்குத் தெரிந்தது. கர்பூரி தேவியும் ஓவியர்தான். மகாசுந்தரி தேவிக்கு உறவுக்காரர். "நீ வேலைக்காரி, உனக்கு எதற்கு இது?" என்று அவர் விரட்டவில்லை. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். மெல்லிய கோடு கோடாக இழுத்து வரைவது ஒரு முறை. உருவத்துக்குள் வண்ணம் நிரப்புவது இன்னொரு முறை. துலாரி இரண்டையும் கற்றுக்கொண்டார்.

அவர் எதை வரைந்தார்? சாமி படங்களோடு நின்றுவிடவில்லை. தான் பார்த்ததை வரைந்தார். ஆற்றில் வலை போடும் தன் மக்களை வரைந்தார். வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்களை வரைந்தார். அவர் பட்ட பாடே படம் ஆனது.

பிறகு மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். சென்னையில் உள்ள ஒரு பதிப்பகம் அவர் வாழ்க்கைக் கதையை அவர் படங்களோடு புத்தகமாகப் போட்டது. 2021-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. மகாசுந்தரி தேவி அதே விருதை 2011-ல் பெற்றவர். அந்த வீட்டைப் பெருக்கிய பெண்ணுக்கும் அதே விருது கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துலாரி தேவி பெரிய வயதில் எழுத்தைப் பழகினார். கையெழுத்துப் போடக் கற்றார். தன் ஊர்ப் பெயரை எழுதக் கற்றார். படத்தை வரைந்தவர் யார் என்று தன் கையாலேயே எழுத முடிந்தது. அந்தச் சந்தோஷம் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நன்றாகவே புரியும்.

"எங்களுக்கு வேலைக்கே நேரம் போதவில்லை. இதில் படம் வேறா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. துலாரிக்கும் நேரம் இல்லைதான். வேலை முடிந்த பிறகு மிச்சம் இருந்த கொஞ்ச நேரத்தில்தான் முற்றத்தில் வரைந்தார். ஆனால் விடாமல் வரைந்தார்.

எல்லோருக்கும் விருது வராது. வரவேண்டும் என்பதும் இல்லை. மிதிலையில் எத்தனையோ பெண்கள் பேர் தெரியாமலே வரைந்தார்கள். மழையில் சுவர் கரைந்தது. படமும் கரைந்தது. அடுத்த கல்யாணத்துக்கு மறுபடியும் வரைந்தார்கள். வரைந்த நேரம் அவர்களுடையது. அந்த நேரத்தில் யாரும் அவர்களை ஏவவில்லை.

உங்களுக்கும் ஏதாவது ஒன்று கைவரும். ஒருவருக்குக் கோலம். ஒருவருக்குப் பாட்டு. ஒருவருக்குக் கூடை முடைவது. ஒருவருக்குக் கதை சொல்வது. அதற்குத் தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டும் பென்சிலும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. இன்று போட்ட கோலத்தை நோட்டில் வரையுங்கள். தெரிந்த பாட்டில் இரண்டு வரி எழுதுங்கள். தப்பு வந்தால் அழித்து மறுபடி எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவரோ, உங்கள் மகளோ, மருமகளோ ஓரமாக நின்று பார்த்தால் விரட்டாதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கர்பூரி தேவி செய்தது அதைத்தான்.

இன்று ராத்திரி வேலை முடிந்ததும் நோட்டை எடுங்கள். ஒரு படம் வரையுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். நாளை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் பார்க்கட்டும்.