மரபணுவைச் சுமக்கும் வளையம்

கிளியூர்ப் பக்கம் ரோஜா வளர்ப்பவர்கள் சில செடிகளின் அடித்தண்டில் கரடுமுரடான கழலையைப் பார்த்திருக்கலாம். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா அதை உண்டாக்கும். அதனிடம் பிளாஸ்மிட் என்ற வளைய வடிவ டி.என்.ஏ. இருக்கிறது. அதில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்திவிடும். 1974-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் இந்தப் பிளாஸ்மிட்டைக் கண்டறிந்தார்கள். கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு வேண்டிய மரபணுவை அங்கே சேர்த்தால், பாக்டீரியாவே அதைப் பயிருக்குள் கொண்டுசேர்க்கும். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், உப்புநீரில் தழைக்கும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை இப்படித்தான் நெல்லில் சேர்த்தது. கடலோர வயல்கள் உவர்ப்பேறிவரும் காலம் இது. இந்த ஆராய்ச்சி நமக்கு அவசியம். முறையான பாதுகாப்புச் சோதனையும் அதே அளவு அவசியம்.