பணயமும் பக்தியும்



கிரிவலப் பாதையில் ரமணாசிரமத்து வாசலைக் கடந்து செல்வோரிடையே இப்பேச்சு காதில் விழுவதுண்டு: "மறுமை உண்டோ இல்லையோ, யார் கண்டார்? இருந்தால் இந்த 14 கிலோமீட்டர் நடை கைகொடுக்கும். இல்லாவிட்டால் கால்வலியோடு போயிற்று." நகைத்துக்கொண்டேதான் சொல்லுகின்றனர். எனினும் அந்நகைப்பின் அடியில் மரண பயம் இருக்கின்றது. ஆதலின் அதனை எள்ளுதல் தகாது.

இக்கணக்கு பழையது. பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தில், அபண்ணக சூத்திரத்தில், புத்தர் இத்தகையதொரு வாதத்தைச் சாலை என்னும் ஊரின் இல்லறத்தார்க்கு எடுத்துரைக்கின்றார். மேனாட்டில் இதற்குப் பெயர்பெற்றவர் பிளேஸ் பாஸ்கல் என்னும் கணித மேதை. சூதாட்டப் பணத்தைப் பங்கிடும் முறை குறித்துப் பெர்மாவோடு 1654இல் கடிதம் எழுதி, நிகழ்தகவுக் கணிதத்திற்கு வித்திட்டவர். கடவுள் உண்டெனப் பணயம் வைத்து வென்றால் முடிவிலாப் பேரின்பம். தோற்றால் இழப்பு அற்பம். ஆகவே நம்புவதே அறிவுடைமை என்பது அவர் வாதம். எந்தக் கடவுள் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை என்பாரும் உளர். அது கிடக்க.

பாஸ்கல் 1662இல் மறைந்தபின், அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் தைத்து மறைக்கப்பட்டிருந்த ஓர் ஏடு அகப்பட்டது. 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவு தமக்கு வாய்த்த இறையனுபவத்தை அதில் குறித்திருந்தார். 'நெருப்பு' என்னும் ஒரு சொல் அதில் தனித்து நின்றது. ஊராருக்குக் கணக்கை எழுதியவர், தம் நெஞ்சருகே வைத்துக்கொண்டது கணக்கை அன்று!

நெருப்பே மலையாக நின்ற தலம் இது. திருவாரூரில் பிறத்தல் நம் கையில் இல்லை. காசியில் இறத்தல் எல்லார்க்கும் இயலாது. அண்ணாமலையையோ நினைத்தாலே முக்தி என்பர். இதனினும் மலிவான பணயம் ஏது எனத் தோன்றலாம். ஆனால் ஆதாயம் கருதி நினைப்பவன் நினைப்பது மலையையா, ஆதாயத்தையா?

1896 ஜூலையில், மதுரையில், வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவனைத் திடீரென மரண பயம் பற்றியது. உடலில் நோயேதும் இல்லை. இறந்தபின் என்ன கிட்டும் என்று அவர் கணக்கிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, இறப்பது எது, 'நான்' என்பது யார் என்று அப்பொழுதே ஆராய்ந்தார். பிற்காலத்தில் மறுபிறவி குறித்து வினவியோரையும், இப்பொழுது பிறந்திருப்பவர் யார் என்று பார்க்கும்படியே பகவான் திருப்பிவிட்டார். பணயத்தை வாதத்தால் வெல்வது இதுவன்று. பணயம் வைப்பவனையே தேடச் சொல்வது.

அவர் இவ்வூருக்கு வந்த வகையையும் கேளுங்கள். வழியில் கீழூரில் தம் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்கென விலாசம் எழுதித் தந்த சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டார். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் அண்ணாமலையார் சந்நிதியில் நின்றபின், கையில் எஞ்சியிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் அய்யங்குளத்தில் வீசினார். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மகாசமாதி அடையும்வரை இம்மலையை விட்டு அவர் நீங்கவே இல்லை.