கோட்டுக்குக் கீழே உள்ள எண்



காலில் முள் குத்தி, அதை நாலு நாள் கவனிக்காமல் விட்டால் தொடையிடுக்கில் சின்னதாக ஒரு கட்டி உருளும். தொட்டால் வலிக்கும். "நெறி கட்டிக்கிச்சு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். புண் பாதத்தில், கட்டி தொடையில். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர்கள் நிணநீர்க் கணு என்று சொல்வது அந்த நெறிக்கட்டியைத்தான். வீங்கினால்தான் நம் கைக்குத் தட்டுப்படும். வீங்காமல் உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் அவை இருக்கின்றன. குடலைச் சுற்றியும் நிறைய உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்களின் எதிர்காலம் பெருமளவு அந்த நெறிக்கட்டிகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நான் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆபரேஷனில் வெட்டி எடுத்த உறுப்பை வாங்கி, அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது எங்கள் வேலை. இப்போது திருமழிசையில் குடியிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்கள் தெரு அம்மா ஒருவர் கையில் ஒரு ரிப்போர்ட்டோடு வந்தார். அவருடைய வீட்டுக்காரர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தார்.

"சார், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குது. இந்த இடத்துல மட்டும் சைபர்னு போட்டிருக்குது. வேற எங்கயும் பரவலைன்னு அர்த்தம்தானே?"

வாங்கிப் பார்த்தேன். மேலே சைபர், குறுக்கே ஒரு கோடு, கீழே ஆறு. ஆறு நெறிக்கட்டிகளைப் பார்த்தோம், ஒன்றிலும் புற்று இல்லை என்று பொருள். அந்த அம்மா மேலே இருந்த சைபரைப் பார்த்து நிம்மதி அடைந்திருந்தார். என் கண் கீழே இருந்த ஆறிலேயே நின்றுவிட்டது.

காரணத்தைச் சொல்கிறேன். நம் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரியை எல்லோருக்கும் தெரியும். மேட்டுப் பக்கத்துச் சின்ன ஏரிகள் நிறைந்தால் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. மேலேரியில் ஆகாயத்தாமரை மண்டினால் அதன் துண்டு ஒன்று வெள்ளத்தோடு கீழேரிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும்? குடலிலிருந்து வடியும் நிணநீரும் இப்படித்தான் போகிறது. குடலை ஒட்டி ஒரு வரிசை நெறிக்கட்டிகள், ரத்தக் குழாய் வரும் வழியில் அடுத்த வரிசை, அந்தக் குழாய் கிளம்பும் வேரில் கடைசி வரிசை. 1909-லேயே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மருத்துவர்கள் ஜேமீசனும் டாப்சனும் பெருங்குடலின் நிணநீர்ப் பாதைகளை வரைந்து காட்டிவிட்டார்கள்.

"கட்டி எலுமிச்சம்பழ அளவுதானே, எதுக்கு ஒரு அடி குடலை வெட்டினாங்க?" என்று கோபத்தோடு கேட்ட உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்ஜன் குடலுக்காக மட்டும் அவ்வளவு நீளம் வெட்டுவதில்லை. அந்தப் பகுதிக்கு வரும் ரத்தக் குழாயை வேரில் கட்டி, அதோடு வருகிற கொழுப்பு மடிப்பை முழுசாக எடுக்க வேண்டும். நெறிக்கட்டிகள் எல்லாம் அந்த மடிப்புக்குள்தான் இருக்கின்றன. குழாய் போனால் அதை நம்பி இருந்த குடலும் போகத்தான் வேண்டும்.

அதன் பிறகு அது எங்கள் மேஜைக்கு வரும். ஆட்டுப் போட்டி வாங்கி வீட்டில் சுத்தம் செய்தவர்களுக்குக் குடலோடு ஒட்டி வரும் மஞ்சள் கொழுப்பைத் தெரிந்திருக்கும். மனிதக் குடலிலும் அப்படித்தான். ஃபார்மலினில் ஊறவைத்து, அந்தக் கொழுப்பை மெல்லிய துண்டுகளாக அறுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தடவிப் பார்ப்போம். பயறு அளவில் ஒன்று அகப்படும். அரிசி அளவில், சில நேரம் கடுகு அளவில் அகப்படும். பெரிதாக இருப்பதில்தான் புற்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். அரை சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டியில் புற்று ஒளிந்திருந்ததை என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதற்கு இயந்திரம் கிடையாது. விரலும் பொறுமையும்தான். ஒரே நாளில் மேஜை நிறைய மாதிரிகள் வந்து குவிந்தால் பொறுமை குறையும், எண்ணிக்கையும் குறையும். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தை நம் திருமழிசைக்கு வந்தது நினைவிருக்கும். ஒரு லோடு வெங்காயத்தில் ரெண்டு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "அழுகல் இல்லை" என்று ஒருவர் சொன்னால் வியாபாரி நம்புவாரா? இன்னும் பத்து மூட்டையைப் பிரி என்பார். நெறிக்கட்டிக் கணக்கும் அதேதான். 1990-ல் சிட்னியில் கூடிய உலக இரைப்பைக் குடலியல் மாநாட்டில் குறைந்தது 12 நெறிக்கட்டிகளையாவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த எண்தான் அளவுகோல்.

அதே 1990-ல் இன்னொன்றும் நடந்தது. நெறிக்கட்டியில் புற்று ஏறியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து சிகிச்சை கொடுத்தால் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. நாம் கீமோ என்று சொல்லும் சிகிச்சைதான் அது. அன்றிலிருந்து நெறிக்கட்டியில் புற்று இருக்கிறதா இல்லையா என்பதே ஒருவருக்குக் கீமோ தேவையா என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி ஆகிவிட்டது. ஆறு மட்டும் பார்த்துவிட்டு ஏழாவதில் இருந்ததை விட்டுவிட்டால், கிடைக்க வேண்டிய மருந்து அந்த மனிதருக்குக் கிடைக்காமல் போகும்.

அப்படியானால் நெறிக்கட்டிகளை அதிகம் எடுக்க எடுக்க ஆயுளும் கூடுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். 2007-ல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நிலை நோயாளிகளில், அதாவது நெறிக்கட்டியில் புற்று ஏறாதவர்களில், அதிக நெறிக்கட்டிகள் பரிசோதிக்கப்பட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று 16 ஆய்வுகள் கூறின. 12 என்ற எண்ணை மருத்துவமனைகளின் தரத்துக்கே அடையாளமாகவும் ஆக்கினார்கள். ஆனால் 2011-ல் அமெரிக்காவில் 86,394 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது வேறொரு விஷயம் தெரிந்தது. இருபது வருஷத்தில், 12 அல்லது அதற்கு மேல் பார்க்கப்பட்டவர்களின் பங்கு நூற்றுக்கு 35-லிருந்து 74-ஆக ஏறியிருந்தது. நெறிக்கட்டியில் புற்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பங்கோ 40-லிருந்து 42-ஆக மட்டுமே நகர்ந்தது. அப்படி இருந்தும் அதிகக் கட்டிகள் அகப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஆக, ஒளிந்திருந்த புற்றைக் கண்டுபிடித்ததால் மட்டும் அவர்கள் பிழைக்கவில்லை. புற்றை எதிர்த்து நன்றாகப் போராடும் உடம்பில் நெறிக்கட்டிகள் பெருத்து எளிதில் அகப்படுகின்றன என்பது ஒரு விளக்கம். எனக்கு இது சரி என்றே படுகிறது. இளையவர்களுக்கு அதிகம் அகப்படும், முதியவர்களுக்குக் குறையும். வலப்பக்கக் குடலில் அதிகம், இடப்பக்கத்தில் குறைவு. சர்ஜனின் கை, எங்கள் விரல், நோயாளியின் உடம்பு மூன்றும் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஹோஹென்பெர்கர் என்ற சர்ஜன், குடலின் கொழுப்பு மடிப்பை அதன் உறை கிழியாமல் வேரோடு எடுக்கும் முறையைக் கடைப்பிடித்தார். 2009-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, புற்றால் சாகாமல் ஐந்து வருஷம் கடந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 82 பேர், புதிய முறைக்குப் பிறகு 89 பேர். ஒரே மருத்துவமனையின் பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிட்ட கணக்கு இது. நடுவில் மற்ற சிகிச்சைகளும் முன்னேறியிருக்கும். ஆனாலும் உறை கிழியாமல் எடுப்பது நல்ல கைக்கு அழகு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்ணிக்கைக்காக வேரைத் தாண்டியும் தோண்டுவது வேறு. பெரிய ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் கத்தி போகும்போது ஆபத்தும் கூடவே போகும்.

நம் தெரு அம்மாவுக்கு வருகிறேன். "இது நல்ல ரிப்போர்ட்தான்மா, ஆனா பாதி ரிப்போர்ட். மாதிரியை ஆய்வகத்துல கொஞ்ச வாரம்தான் வெச்சிருப்பாங்க. நாளைக்கே போய், இன்னொரு தடவை தேடச் சொல்லி உங்க சர்ஜன்கிட்ட கேளுங்க" என்றேன். கேட்டார். மிச்சக் கொழுப்பை மறுபடி அறுத்துத் தேடினார்கள். இன்னும் ஏழு அகப்பட்டன, ஏழும் சுத்தம். மொத்தம் 13. கீமோ வேண்டாம் என்று டாக்டர் தைரியமாகச் சொன்னார். 12-க்குக் குறைவாக இருந்தால் அதையே ஒரு ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டு கீமோவை யோசிப்பார்கள். அந்த லேத் தொழிலாளி இப்போது பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இதில் கேட்கத் தயங்க வேண்டியது எதுவும் இல்லை. நல்ல சர்ஜனும் நல்ல நோய்க்குறியியல் டாக்டரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்து, நெறிக்கட்டி வரைக்கும் அது போகாமலே தடுக்க முடிந்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துயரத்தை மறக்காமல்தான் 1954 ஜூன் 18-ல், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கினார். அந்தத் தங்கை இறந்து நூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றும் மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் லேகியம் சாப்பிடுகிறோம். வயசானவர்களுக்குத்தானே இது வரும் என்றும் இருந்துவிட வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் பெருங்குடல், மலக்குடல் புற்றுக்கு வந்த 800 பேரின் கணக்கு 2017-ல் வெளியானது. அவர்களின் சராசரி வயது 47.

எனவே நேயர்களே, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் காரணமில்லாமல் மாறி ரெண்டு மூணு வாரம் நீடித்தாலோ பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டால் கிழக்கே அடையாறு இருக்கிறது, இதே பெங்களூரு சாலையில் மேற்கே காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் வந்தால், கோட்டுக்குக் கீழே என்ன எண் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.